இரண்டு டெசிபல்

டிமாரு துறைமுகத்துக்குப் பின்னால்
கம்பளி கழுவும் ஆலையை ஒட்டிய தகரக் கொட்டகையில்
வண்டி நின்றது.
நான் போனது குறை கண்டுபிடிக்க.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வெளியே, அறுபத்தைந்தாம் வருடத்துக் கோப்ரா:
அகன்ற வாய், புடைத்த சக்கர வளைவுகள்,
கதவுக்குக் கீழே புகைக்குழாய்.
விரலால் தட்டினேன்.
டொப் என்றது.
கண்ணாடியிழை. அலுமினியம் இப்படிப் பதில் சொல்லாது.
க்ரைஸ்ட்சர்ச் பட்டறையில், ஒரே அச்சில்,
ஒன்பது உடன்பிறப்புகளோடு பிறந்தது.

'போலி என்றே எழுதுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை'
என்றாள் நெரிடா கோல்ஃப்.
சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில்
இருபத்தாறு வருடம் இருந்தவள்.
இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்
இரைச்சல் இல்லாத இடத்திலும் இறங்கவில்லை.

மூடியைத் தூக்கினாள்.

எட்டு சிலிண்டர் உட்கார வேண்டிய பள்ளத்தில்
சோற்றுப் பானை அளவுக்கு ஏதோ ஒன்று.
சுற்றிலும் காலியிடம்.
ஒரு பூனை குட்டி போடலாம் அங்கே.
டார்ச்சை அணைத்து மறுபடி போட்டேன்.
பானைதான்.

பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை.
இடுப்பு சிறுத்த கூட்டுக்குள்
கன்னம் உப்பிய முக்கோணம்,
ஆட்டுக்கல்லில் குழவி போல
விளிம்பை வழித்து வழித்துச் சுற்றும்.
மாவுக்குப் பதில் பெட்ரோல்.
அரைபட்டு வழிவது வேகம்.

'ஏன் இது?'
கேட்கும்போதே ஒரு கதைக்குத் தயாரானேன்:
இறந்த கணவர், தோற்ற பந்தயம், ஏதோ சபதம்.
'வைமாட்டேயில் ஒருத்தன்
மோதி நசுங்கிய மஸ்டாவைப் பிரித்து விற்றான்.
நானூறு டாலர்.
எனக்கு இடுப்பு சரியில்லை,
இதென்றால் தனியாளாய்க் கப்பியில் இறக்கிவிடலாம்.'
அவ்வளவுதான் கதை.

போன மாதம் டிரெய்லரில் ஏற்றி
கரோலைன் விரிகுடாவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.
பதினொரு கோப்ரா, பதினொரு வி-எட்டு, நடுவே இவள்.
மூடி திறந்ததும் ஒருவர் தொப்பியைக் கழற்றினாராம்,
எழவு வீட்டில் நிற்பதைப் போல.
'அசலைக் கெடுத்துவிட்டாயே' என்றாராம்
டெஸ்மண்ட் ஹார்ஃபோர்ட்.
'எந்த அசலை?'
அவருடையதும் அதே அச்சு. அதே வருடம்.
ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்.

பற்றவைப்புகளைப் பார்த்தேன்.
மீன் செதில் போல வரிசை, எங்கும் ஓட்டையில்லை.
ஸ்டீயரிங் தண்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையவில்லை.
குறித்துக்கொண்டேன்.

பிறகு சாவியைத் திருப்பினாள்.
நிற்கையில், கூழ் கொதிப்பது போல்
ப்ளப், ப்ளப்.
மிதித்தாள்.
ஒரு முழுப் பீஸ் புதுத் துணி
நீளவாக்கில் கிழிந்தது.
கூரையிலிருந்த கடற்காகங்கள் எல்லாம் எழும்பின.
மீட்டர்: தொண்ணூற்றேழு.
தொண்ணூற்றைந்துதான் அனுமதி.

சரக்குத் திடலில் நானே ஓட்டிப் பார்த்தேன்.
மூக்கில் ஒரு ஆள் பாரத்துக்கு மேல் குறைந்த வண்டி
கொள்கலன்களுக்கிடையில்
நான் வளைக்க நினைப்பதற்குள் வளைந்திருந்தது.
மூன்று சுற்று போதும்.
ஏழு சுற்றினேன்.
சிரித்தேன் என்று எழுத
படிவத்தில் கட்டம் கிடையாது.

தேறவில்லை, இரண்டு குறைகள்.
கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.
தாளை மட்கார்டில் கவிழ்த்து வைத்து
அதன் முதுகிலேயே
இன்னொரு சைலன்சர் வரைய ஆரம்பித்தாள்.
'வியாழக்கிழமை வாருங்கள்.'
'வியாழன் எனக்கு விடுமுறை.'
'தெரியும்' என்றாள், தலை நிமிராமல்.

திரும்புகிற வழியில், சிவப்பு விளக்கில்,
என் வெள்ளைக் காரின் கதவைத் தட்டிப் பார்த்தேன்.
அசல் இரும்பு.
வேறெதுவும் சொல்லவில்லை.